நாற்காலி காலியாக இருந்த ஒரு மணி நேரம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. வாசற்படியோரம் நிற்பவர்களும் உள்ளே வாருங்கள். இன்றைக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன், நெஞ்சு நடுங்குகிற கதை. பக்கத்து ஆளின் தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தால்தான் இதைக் கேட்க முடியும். இன்னும் வராத காலத்துக் கதை. ஆனால் நம் கடலில்தான் நடக்கிறது. எந்த நாடு, எந்த நாடு என்று கேட்காதீர்கள். இந்தக் கரை, அந்தக் கரை, நடுவே ஒன்பது மைல் தண்ணீர். அது போதும்.

அந்தக் கடலைச் சுற்றி ஏழு நாடுகள். சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய், ஏழும் சேர்ந்து ஓர் அவை அமைத்தன. கடல்சூழ் நாடுகள் அவை என்று பெயர். அதற்குப் படை கிடையாது, பீரங்கி கிடையாது. ஒரே ஒரு தலைவர் நாற்காலி உண்டு. நாட்டுக்கு நாடு முறை வைத்து ஆறு மாதத்துக்கொரு தரம் அது கைமாறும். அந்த நாற்காலியில் இருப்பவர் தொலைபேசியை எடுத்து "நிறுத்துங்கள்" என்றால் எந்தக் கரையானாலும் நிறுத்த வேண்டும். புருஷன் பெண்டாட்டி சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாசலில் நிற்பாரே, அந்த மாதிரி. அவர் அடிக்க மாட்டார், பிடிக்க மாட்டார், சும்மா நிற்பார். ஆனாலும் ஓங்கிய கை இறங்கிவிடும்.

இந்தக் கரையின் மணல்திட்டில் தகரக் கூரை போட்ட ஒரு காவல்கூண்டு. அதில் இருந்தவள் நம்புத்தாய். நாற்பத்தாறு வயது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலுக்குள் முங்கி, பாறையில் பாசி எடுத்துப் பிழைத்தவள். அவள் வலது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், மிளகளவு ஒரு வில்லை இருந்தது. அந்தக் கரையிலும் ஒரு மணல்திட்டு, ஒரு கூண்டு, ஒரு பெண், ஒரு வில்லை. பெயர் தெரியக்கூடாது, முகம் தெரியக்கூடாது என்பது அவையின் சட்டம். நம்புத்தாய்க்கு அவள் வெறும் 'அக்கரைக்காரி'.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வில்லை வைத்த டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டு கரையிலயும் பீரங்கி மனுஷன் கை படாமலே சுடும். ஒருத்தர் முந்திக்கிட்டா இன்னொருத்தர் காலி. அதனாலதான் ரெண்டு பேரும் முந்தப் பாக்குறாங்க. முந்த மாட்டோம்னு வாயால சொன்னா யாரும் நம்புறதில்லை. பயம் பொய் சொல்லாதும்மா. பீரங்கிக்குப் பக்கத்துலயே நீங்க இருப்பீங்க. உங்க ஆளுங்க குண்டு ஏத்துனா உங்களுக்குப் பயம் வரும். அந்தப் பயம் அப்படியே அவங்களுக்குப் போய்ச் சேரும். அவங்க பயம் உங்களுக்கு வரும். யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

"அம்புட்டுத்தானா?" என்றாள் நம்புத்தாய். "எங்கூட்டு ஆம்பளைக கடலுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் பயந்தே பழகுன உடம்பு இது. இன்னொருத்தி பயத்தையும் சேத்துச் சுமந்தா கழுத்தா ஒடிஞ்சிரும்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதை நம்புத்தாய் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஊரில் அந்த வில்லைக்கு நெஞ்சுக்கயிறு என்று பெயர் வைத்தார்கள். கயிறு கட்டிய பிறகு அவளுக்குச் சோறு இறங்குவது குறைந்தது. பாசி எடுக்கப் போவது நின்றது. மகள் முனீஸ்வரியின் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு பயம் வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. "வேண்டாம்! விட்ருங்க!" என்று பந்தலே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டாள். சம்பந்தி வீட்டார், பெண்ணின் தாய்க்குப் பேய் பிடித்திருக்கிறது என்று இன்றுவரை சொல்கிறார்கள். அந்த அக்கரைக்காரிக்கு அன்றைக்கு என்ன கஷ்டமோ என்று நம்புத்தாய் அழுதாள். வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலில் முகம் தெரியாத அவளுக்காக ஒரு விளக்குப் போட்டாள்.

இருவருக்கும் நடுவே ஒரு ரகசியம் உண்டு. ஒருநாள் காலை குளிக்கையில், பழைய நினைப்பில் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு மூச்சை அடக்கினாள் நம்புத்தாய். முட்டுகிற வரை இருந்தாள், எழுந்தாள். மறுபடி முங்கினாள். மூன்று முறை. சற்று நேரத்தில் அவள் நெஞ்சு தானாக மூன்று முறை இறுகி இறுகி விட்டது. அக்கரைக்காரியும் தண்ணீருக்குள் மூச்சுப் பிடிக்கிறவள்தான்! அன்றிலிருந்து தினம் காலையில் இந்தப் பக்கம் மூன்று முங்கு, அந்தப் பக்கம் மூன்று முங்கு. இருக்கியா? இருக்கேன். அவ்வளவுதான் பேச்சு. சட்டப்படி இதுவும் தப்பு. யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

கூண்டில் அவளோடு இன்னொருவரும் இருந்தார். அவையின் பார்வையாளர், மலைநாட்டுக்காரர், முப்பத்தைந்து வயது லக்பா. ஆறு மாதம் இந்தக் கரை, ஆறு மாதம் அந்தக் கரை என்று மூன்று வருஷமாக மாறி மாறி இருப்பவர். புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். எப்போதும் சிரித்த முகம். எப்போதும் கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். சித்திரை வெயிலிலும் காதை மூடிய கம்பளித் தொப்பி.

"என்ன சார், இந்த வெக்கையில தொப்பி? மூளை வெந்துறாது?" என்றாள் நம்புத்தாய் அன்று காலையிலும்.

"எங்கள் ஊரில் தலையை மூடாமல் இருப்பது மரியாதை இல்லை, அக்கா."

"எங்க ஊர்ல மூடிக்கிட்டு இருந்தா வைத்தியருகிட்டக் கூட்டிட்டுப் போவாக."

லக்பா சிரித்தார். பதினொன்றரை மணிக்கு, தினமும் போல, அவைக்குத் தகவல் சொல்ல உள்ளறைத் தொலைபேசிக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ஒன்றும் பயம் இல்லை அக்கா, எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார்.

நம்புத்தாய் அவரை ஒன்றும் கேட்கவே இல்லை.

பத்து நிமிடம் கழித்துத்தான் அது வந்தது. முதலில் உள்ளங்காலில் குளிர். கொதிக்கிற மணலில் நிற்பவளுக்குக் கால் குளிர்ந்தது. பிறகு, ஆழத்தில் வலை காலில் சுற்றிக்கொண்டால் ஒரு பயம் வருமே, மேலே வெளிச்சம் தெரியும், எட்டாது, அந்தப் பயம் தொண்டை வரை ஏறியது. மூன்று வருஷத்தில் இப்படி வந்ததில்லை. அவள் பயந்தாள், அவள் பயந்தது அக்கரைக்குப் போயிற்று, அங்கே அது பெருத்துத் திரும்பி வந்தது. கயிற்றில் ஓடுகிற பயத்தை அளந்து, கமாண்டர் அறைக்கும் காட்டுகிற கருவி ஒன்று சுவரில் இருந்தது. அதன் ஊசி மெல்ல நகர்ந்து, பதினொன்று ஐம்பதுக்குச் சிவப்பைத் தொட்டது.

வயர்லெஸ் கரகரத்தது. கரைப் பீரங்கிகளுக்குப் பொறுப்பான கமாண்டர் வைரமணி.

"நம்புத்தாய், என்ன தெரியுது?"

"பயம் சார். பெருசா இருக்கு."

"எதைப் பாத்து?"

"கயித்துல பயம்தான் சார் வரும். கூடவே விலாசமா வரும்?"

"அவங்க குண்டு ஏத்துறாங்க. அதைப் பாத்துத்தான் அவ நடுங்குறா. இதோ பாரு, ஒப்பந்தம் தெரியும்ல? ஊசி முப்பது நிமிஷம் சிவப்புல நின்னு, அதுக்குள்ள அவைத் தலைவர் பேசலைன்னா பீரங்கிப் பூட்டு தானா விட்டுரும். பன்னெண்டு இருபது. அப்புறம் நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

அக்கரையிலும் ஒரு கமாண்டர் ஒருத்தியிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். நம்புத்தாய் கூண்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தண்ணீர் வற்றுகிற நேரம். விரிகுடாவில் நாற்பது பெண்கள் இடுப்பளவு நீரில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு ரவிக்கை போட்டவள் முனீஸ்வரி. ஐந்து மாசக் கர்ப்பம், வராதே என்றாலும் கேட்கிற பெண்ணா? இங்கிருந்து ஒரு குண்டு போனால், அங்கிருந்து வருகிற குண்டு அந்தத் தண்ணீரில்தான் விழும்.

"சார், தலைவரைக் கூப்புடுங்க! நிறுத்தச் சொல்லுங்க!"

லக்பாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"தலைவர் இல்லை, அக்கா."

"இல்லைன்னா? செத்துட்டாரா?"

"இன்று நாற்காலி கைமாறுகிறது. கிழக்குக் கோடி நாட்டிடமிருந்து மேற்குக் கோடித் தீவு நாட்டுக்கு. பழையவர் நண்பகலில் இறங்குவார், புதியவர் நண்பகலில் ஏறுவார் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. யாருடைய நண்பகல் என்று எழுதவில்லை. கிழக்கே பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே பதினொன்றரை. மேற்கே பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே பன்னிரண்டரை. நடுவில் ஒரு மணி நேரம் நாற்காலியில் யாரும் இல்லை."

"இத்தனை வருசமா யாருக்கும் தெரியலையா?"

"இதுவரை பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்குத்தான் மாறியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். யாரும் கவனிக்கவில்லை."

"பழையவருகிட்டக் கேக்குறது!"

"பதினொன்றரைக்கே கேட்டேன். 'நான் இப்போது வெறும் ஆள், நான் சொன்னால் செல்லாது' என்று வருத்தப்பட்டார். புதியவரிடமும் கேட்டேன். 'ஏறுவதற்கு முன்னால் பேசினால் முறையில்லை, இரண்டு கரையும் ஒத்துக்கொள்ளாது' என்றார். இருவரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள், அக்கா."

நம்புத்தாய்க்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பாசிக்கூடையைத் தலைமாத்தும்போது வாங்குறவ 'ஏந்திட்டேன்'னு சொல்ற வரைக்கும் குடுக்குறவ கையை எடுக்க மாட்டா. நாங்க கைநாட்டு வைக்கிறவளுக. எங்களுக்குத் தெரிஞ்சது உங்க ஏழு நாட்டுக்கும் தெரியாமப் போச்சா?"

மணி பன்னிரண்டு ஐந்து. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பேச்சு. மூலையில் இருந்த தண்ணீர் டிரம்மை நோக்கி ஓடினாள். மூச்சை இழுத்துப் பிடித்துத் தலையை உள்ளே விட்டாள்.

தண்ணீருக்குள் போய்ப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். மூச்சு முட்டுகிற நேரத்தில் வேறு எந்தப் பயமும் கிட்ட நிற்காது. கடன், புருஷன், பிள்ளை எல்லாம் போய், மூச்சு ஒன்றுதான் பாக்கி இருக்கும். ஒரு முங்கு. இரண்டு. மூன்று. "நம்புத்தாய்! என்ன பண்ற? பதில் சொல்லு!" என்று வயர்லெஸ் கத்திக்கொண்டிருந்தது. அவள் ஈரத் தலையோடு தரையில் சாய்ந்து காத்திருந்தாள். அக்கரைக்காரி பயத்தில் உறைந்து கிடந்தால்? முங்குவதற்கு அவள் பக்கத்தில் தண்ணீரே இல்லாவிட்டால்?

நெஞ்சு ஒரு முறை இறுகி விட்டது.

இன்னொரு முறை. இன்னொரு முறை.

இருக்கேன்.

நம்புத்தாய் கண்ணீரோடு எழப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அக்கரைக்காரி முங்கினாள், மூச்சு முட்டியது, அவளுடைய மற்றப் பயமெல்லாம் அந்த நேரம் விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. அந்த மூன்று முங்குக்கும் அடியில், பாறை மாதிரி, அந்தப் பெரிய பயம் அசையாமல் கிடந்தது. சற்று முன் நம்புத்தாய் தண்ணீருக்குள் இருந்தபோதும் அது அப்படியேதான் கிடந்தது.

அப்படியானால் அது அவளுடையது இல்லை. என்னுடையதும் இல்லை.

நம்புத்தாயின் உடம்பெல்லாம் புல்லரித்தது. கயிற்றில் மூன்றாவதாக யாரோ இருக்கிறார்கள்.

அவள் மெல்லத் திரும்பினாள். கடலுக்கு முதுகு காட்டி, நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி, லக்பா சிரித்துக்கொண்டிருந்தார். தொப்பிக்கு அடியிலிருந்து வேர்வை தாரையாக வழிந்தது. நான்கே எட்டில் போய் அந்தத் தொப்பியைப் பிடுங்கினாள். வலது காதுக்குப் பின்னால், மிளகளவு ஒரு மேடு.

"அடப்பாவி மனுசா!"

"என்னுடையது கேட்க மட்டும்தான், அக்கா." அவர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். "நீங்கள் இருவரும் உண்மையாக இருக்கிறீர்களா என்று பார்க்க அவை வைத்தது. இது பேசாது, கேட்க மட்டும் செய்யும் என்று சொன்னார்கள்."

"கேக்குறதுக்குக் காது இருக்கவனுக்குத் துடிக்கிறதுக்கு நெஞ்சு இருக்காதா? கழட்டுங்க அதை!"

"கழற்றத் தலைவர் அனுமதி வேண்டும்."

நம்புத்தாய் வயர்லெஸ்ஸைப் பிடித்தாள். "சார், பயம் அக்கரையிலேருந்து வரலை. இங்க இருக்க லக்பா சார் பயம் இது. சாமி சத்தியமா!"

"ஊசி அக்கரைன்னு காட்டுது."

"ஊசிக்கு என்ன சார் தெரியும்?"

"சட்டத்துக்கு ஊசியைத்தான் தெரியும், நம்புத்தாய். ஊசி இறங்கணும். ஏழு நிமிஷம் இருக்கு." கமாண்டர் வயர்லெஸ்ஸை வைத்துவிட்டார்.

ஏழு நிமிடம். வாயால் சொன்னால் பயம் போகுமா? அவள் அவர் முன்னால் மண்டியிட்டாள். விரிகுடா தெரியாதபடி தன் முதுகையும் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிவப்பு ரவிக்கையைப் பார்த்தால் அவள் பயமும் சேர்ந்து ஊசியை ஏற்றிவிடும்.

"எதுக்கு சார் இம்புட்டுப் பயம்? சொல்லுங்க. எனக்குச் சொல்லுங்க."

"கடல்," என்றார் லக்பா. "எங்கள் ஊரில் தாண்டிக் குதிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். இங்கே வந்த முதல் நாளிலிருந்து என்னால் கடலைப் பார்க்க முடியவில்லை. படகில் ஏறினால் செத்துப்போவேன் என்று தோன்றும். யாரிடமும் சொல்லவில்லை. நடுவில் இருப்பவன் பயந்தால் இரண்டு பக்கமும் பயப்படும், சிரித்துக்கொண்டே இரு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இன்று நாற்காலியில் யாருமில்லை என்று தெரிந்தபோது, இந்த இரண்டு கரைக்கும் நடுவில் நான் ஒருவன்தான் நிற்கிறேன் என்று... அக்கா, நான் ஒருவன்தான்..."

சிரிப்பு உடைந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகம் அழுதது.

"அதை ஒத்தையாளாத் தூக்குனா கனக்கத்தான் செய்யும். இப்ப நான் சொல்றதைக் கேளுங்க." தன் கைகள் இரண்டையும் அவர் தலைக்கு இருபுறமும் வைத்தாள், கூடையைப் பிடிக்கிற மாதிரி. "குனிங்க. பையக் குனிங்க. என் கை இருக்கு. விடுங்க."

"விழுந்துவிடும், அக்கா."

"விழாது. விடுங்க."

"பிடித்துக்கொண்டீர்களா?"

"ஏந்திட்டேன்."

அவர் தலை அவள் உள்ளங்கைகளில் முழுக் கனத்தோடு இறங்கியது. தேம்பித் தேம்பி, பிறகு விட்டு விட்டு, பிறகு நீளமாக மூச்சு வந்தது. நம்புத்தாய் ஊசியைப் பார்க்கவில்லை. தன் தொண்டையை மட்டும் கவனித்தாள். தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு, கடல் ஓதம் வற்றுகிற மாதிரி அது இறங்கியது. உள்ளங்காலில் மணலின் சூடு மறுபடி உறைத்தது.

வயர்லெஸ் கரகரத்தது. "எறங்கிருச்சு," என்றார் கமாண்டர். மணி பன்னிரண்டு பதினெட்டு. "எறங்கிருச்சு, நம்புத்தாய்." அவர் குரலும் நடுங்கியது. அவர் காதுக்குப் பின்னால் வில்லை இல்லாததால் அவர் எவ்வளவு பயந்தார் என்பது எந்த ஊசிக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்குத் தொலைபேசி அடித்தது. "வணக்கம். அவைத் தலைவராகப் பொறுப்பேற்றுக்கொண்டேன். ஏதேனும் தகவல் உண்டா?" என்று கேட்டார் புதியவர், மிகவும் மரியாதையாக.

விசாரணை வந்தது. லக்பாவின் வில்லையை எடுத்தார்கள். பிறகு, முறையில்லைதான் என்றாலும், இரண்டு பெண்களும் ஒரே ஒரு முறை வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ள அவை அனுமதித்தது.

"அக்கா," என்றது ஒரு கணீர்க் குரல். "நான் கனகேஸ்வரி. முதல்ல எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. அந்த மூண்டாவது ஆள் ஆர்?"

"உனக்கும் தெரிஞ்சிருச்சா, தாயி?"

"நீங்கள் முங்கேக்கயும் அது அசையேல்லையே. அப்பவே பிடிச்சிட்டன். எங்கட கமாண்டர் நம்பினால்தானே!"

நம்புத்தாய் லக்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"அப்ப இவ்வளவு நாளும்..." கனகேஸ்வரி தயங்கினாள். "அக்கா, நான் லேசில பயப்பிடுற ஆள் இல்லை. பல்லிக்கு மட்டும்தான். இந்த மனிசி எந்த நேரமும் இப்பிடி நடுங்குதே, புருசன் அடிக்கிறானோ எண்டு உங்களை நினைச்சு கோயிலுக்கு நேர்த்தி எல்லாம் வைச்சனான்."

"ஆத்தி! உனக்காக நான் வாராவாரம் விளக்குப் போட்டேனே!" நம்புத்தாய்க்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் நின்றது. "போன வருசம் ஆவணி பத்தொம்பது. எம்மக கல்யாணம். அன்னைக்குக் காலையில உனக்கு என்ன ஆச்சு?"

"ஆவணி பத்தொம்பதோ? எனக்கு ஒண்டும் இல்லையே. ஓ, அண்டைக்குத்தான் லக்பா ஐயா உங்கட பக்கத்தில இருந்து படகில இங்க வந்தவர்."

நம்புத்தாய் வயர்லெஸ்ஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இக்கரையில் அறுபது பீரங்கி, அக்கரையில் அறுபது பீரங்கி. மூன்று வருஷமாக அந்த நூற்றிருபதும் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தன, கடலைக் கண்டு பயந்த ஒரு மலைநாட்டுக்காரரின் நெஞ்சை. அன்றைக்கு வராத நடுக்கம் இப்போது வந்தது. இது முழுக்க அவளுடையது. மறுமுனையில் கனகேஸ்வரி, "அக்கா, பயப்பிடாதேங்கோ, நான் இருக்கிறன்" என்றாள் உடனே.

ஒப்பந்தத்தில் பிறகு ஒரு வரி சேர்த்தார்கள். ஏறுகிறவர் வாய் திறந்து "ஏந்திக்கொண்டேன்" என்று சொல்லும் வரை இறங்குகிறவர் நாற்காலியை விட்டு எழக் கூடாது. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஏழு நாட்டிலும் யாருக்கும் தெரியாது. லக்பா தொப்பியை நம்புத்தாயின் பேரனுக்குக் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பினார். வெள்ளிக்கிழமை விளக்கு இன்றும் எரிகிறது, அவருக்காக.

பயந்துவிட்டீர்களா, கண்ணுகளா? நானும்தான். போய்ச் சாப்பிட்டுப் படுங்கள். உங்கள் வீட்டில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற எதுவும், பிள்ளையோ, பானையோ, பாரமோ, நடுவில் விழாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் பயந்தவர் யாரும் ஒத்தையில் இருந்து சிரிக்க வேண்டிய நிலை வராதிருக்கட்டும். சண்டை வந்தால் வாசலில் வந்து நிற்க ஒரு பக்கத்து வீட்டார் உங்களுக்கு எப்போதும் வாய்க்கட்டும். நன்றாயிருங்கள்.